சொல்லில் பதிந்த வண்டித்தடங்கள்: ஆங்கில மரபுத்தொடர்களும் எமது வாழ்வும்

ரவுண்ட் ராக் நகரின் ஊடாக ஓடும் பிரஷி ஓடையின் நடுவே, கொல்லனுடைய பட்டடைக் கல்லை ஒத்த வடிவில் வட்டப் பாறையொன்று நிற்கின்றது. 1851ஆம் ஆண்டளவில் இவ்வோடைக் கரையில் ஒரு சிற்றூர் தோன்றியது. முதலில் ஓடையின் பெயரே ஊரின் பெயராகவும் இருந்தது. 1854ஆம் ஆண்டில் தபாலதிபரின் யோசனைப்படி பாறையின் பெயர் ஊருக்குச் சூட்டப்பட்டது. பாறை நின்ற இடத்தில் நீர் ஆழமற்றிருந்தமையால் குதிரைகளும் மாடுகளும் வண்டிகளும் அங்கேயே ஓடையைக் கடந்தன. அவ்வண்டிகளின் சில்லுகள் தேய்த்த தடங்களை ஓடையின் சுண்ணாம்புக்கல் தரையில் இன்றும் காணலாம்.

வண்டிகள் மறைந்துவிட்டன, தடங்கள் எஞ்சியுள்ளன. மொழியின் இயல்பும் இதுவே. ஒரு மக்கள் கூட்டம் கடந்து வந்த தொழில், போர், கொடுமை, விளையாட்டு ஆகியன மறைந்த பின்னரும் அவற்றின் தடங்கள் சொற்றொடர்களாய் நிலைத்துவிடுகின்றன. அவற்றையே மரபுத்தொடர்கள் என்கிறோம். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் அவை விளங்குவதில்லை. அவற்றின் பின்னாலுள்ள வரலாற்றை அறிந்தால் மறப்பதுமில்லை. இந்நாட்டில் எமது மக்கள் நாளாந்தம் எதிர்கொள்ளும் சில தொடர்களை அவ்வகையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இறுதியில் எமது சொந்த மரபுத்தொடர்கள் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டியுள்ளது. அதுவே இவ்வாரம் எம்மை எழுதத் தூண்டியது.

கிரிக்கெட்டிலிருந்து பேஸ்போலுக்கு

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் நாம் ஆங்கிலம் கற்ற காலத்தில், நூறு மரபுத்தொடர்களைக் கொப்பியில் எழுதி மனனம் செய்தோம். பூனையும் நாயுமாக மழை பொழிகின்றது என்பது அவற்றுள் முதன்மையானது. டெக்சாசில் எத்தனையோ பெருமழையைக் கண்டுவிட்டோம். அத்தொடரை ஒருவர் வாயிலிருந்தேனும் இதுவரை கேட்டோமில்லை. நாம் கற்றது ஆங்கிலேயருடைய ஆங்கிலம். 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் இக்கட்டான நிலை என்பது கிரிக்கெட் ஆடும் நாட்டவருக்குத் தெரியும். அதனை இங்கு வேலைத்தலத்தில் கூறினால் மேலாளர் எம் முகத்தைப் பார்த்து நிற்பார்.

இந்நாட்டின் பேச்சு பேஸ்போல் மைதானத்தில் வளர்ந்தது. ரவுண்ட் ராக் எக்ஸ்பிரஸ் என்னும் பேஸ்போல் அணி 2000ஆம் ஆண்டு முதல் இந்நகரில் ஆடி வருகின்றது. எமது பிள்ளைகள் அம்மைதானத்துக்குச் செல்கின்றனர். பெற்றோராகிய நாம் செல்வதில்லை. ஆனால் அவ்விளையாட்டின் சொற்கள் எம்மைத் தேடி வருகின்றன. 'டச் பேஸ்' என்றால், ஓடுபவர் தளத்தைக் காலால் தொட்டுச் செல்வதுபோல, ஒருவரோடு சுருக்கமாகத் தொடர்பு கொள்ளுதல். 'ஸ்டெப் அப் டு த பிளேட்' என்றால், துடுப்பாட வேண்டியவர் தன் இடத்தில் வந்து நிற்பதுபோல, பொறுப்பை ஏற்க முன்வருதல். 'அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்' என்றால் சற்றும் எதிர்பாராத திசையிலிருந்து வந்த ஒன்று.

'பால்பார்க் ஃபிகர்' என்ற தொடரை நாம் பணம் கொடுத்துக் கற்றோம். எமது பழைய காரைத் திருத்துவதற்கு 'பால்பார்க் ஃபிகர்' 400 டொலர் என்று கராஜ்காரர் சொன்னார். 400 டொலரைத் தனியே எடுத்து வைத்திருந்தோம். ஆனால் கணக்கு 600ஐத் தாண்டி வந்தது. ஏமாற்றப்பட்டோம் என்று கோபித்து வீடு வந்தபோது, பத்தாம் வகுப்பில் கற்கும் மகள்தான் விளக்கினாள். மைதானத்தின் எல்லைக்குள் எங்கோ விழும் பந்தைப் போன்ற ஓர் உத்தேசத் தொகை அது. உறுதியான விலை அன்று. உறுதியான விலை வேண்டுமாயின் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அன்றிலிருந்து அவ்வாறே செய்கிறோம்.

குறி சுடாத மாடு

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாசில் மாடுகள் பெருகியிருந்தன, வாங்குவார் இல்லை. 1867இல் கன்சாஸ் மாநிலத்தின் அபிலின் என்னும் ஊரில் புகையிரத நிலையத்தை ஒட்டி மாட்டுச் சந்தை அமைக்கப்பட்டது. அதன்பின் டெக்சாசிலிருந்து வடக்கு நோக்கி மாட்டு மந்தைகள் சாரிசாரியாக ஓட்டிச் செல்லப்பட்டன. சிஷம் தடம் என அழைக்கப்பட்ட அவ்வழி பிரஷி ஓடையை வட்டப் பாறைக்கு அருகே கடந்தது. அதன் நினைவாக இன்று அவ்விடத்தில் வெண்கலச் சிலைகளுடன் ஒரு பூங்கா உள்ளது.

அந்த மாட்டு வாழ்வு தந்த சொல்லே 'மாவெரிக்'. சாமுவேல் மாவெரிக் என்பார் 1836இல் டெக்சாஸ் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவர், சட்டத்தரணி, சான் அந்தோனியோ நகரின் மேயராகவும் இருந்தவர். கடனுக்கு ஈடாக அவருக்குச் சுமார் 400 மாடுகள் கிடைத்தன. மாடு வளர்ப்பில் அவருக்கு நாட்டமில்லை. எமது ஊர்களிற்போல் இங்கும் உரிமையாளர் தம் மாட்டுக்குக் குறி சுடுவது வழக்கம். அவருடைய கன்றுகளோ குறி சுடப்படாமல் அலைந்தன. குறியற்ற மாட்டைக் கண்டவர்கள் அது மாவெரிக்கினுடையது என்றனர். நாளடைவில் குறியற்ற மாடெல்லாம் மாவெரிக் ஆயிற்று; பின்னர் எக்கட்சிக்கும் கூட்டத்துக்கும் கட்டுப்படாது தன்வழி செல்லும் மனிதருக்கும் அப்பெயர் வந்தது.

அவருடைய பேரன் மோரி மாவெரிக் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். அரசாங்க அறிக்கைகளின் விளங்காத நடையைக் கண்டு வெறுத்து, வான்கோழியின் சத்தத்தைப் போலச் செய்து 'கொபில்டிகூக்' என்ற சொல்லை 1944இல் ஆக்கியவர் அவரே. அரசாங்கத்திலிருந்து வரும் கடிதத்தை மூன்று முறை வாசித்தும் விளங்காது நாணுகின்ற எமது வாசகர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம். அக்கடிதங்கள் இங்கு பிறந்த காங்கிரஸ் உறுப்பினருக்கே விளங்கவில்லை.

'ஆல் ஹாட் நோ காட்டில்' என்பதும் இம்மாட்டுத் தேசத்தின் தொடரே. தலையிலே பெரிய தொப்பி, பட்டியிலோ மாடில்லை. குறைகுடம் கூத்தாடும் என்று நாம் சொல்வதை டெக்சாஸ்காரர் இவ்வாறு சொல்கின்றனர்.

துப்பாக்கிச் சொற்கள்

1876இல் ரவுண்ட் ராக்குக்குப் புகையிரதம் வந்தது. பாதையை ஒட்டிப் புதுநகர் எழுந்தது. ஓடைக்கரையிலிருந்த நகர் பழைய நகராயிற்று. இரண்டாண்டுகளின் பின், 1878 யூலை 19ஆம் நாள், சாம் பாஸ் என்னும் கொள்ளையன் இங்குள்ள வங்கியைக் கொள்ளையிடும் எண்ணத்தோடு தன் கூட்டத்துடன் புதுநகருக்கு வந்தான். அக்கூட்டத்தில் ஒருவனே முன்கூட்டித் தகவல் கொடுத்திருந்தான். ஆயுதம் வைத்திருக்கிறாயா என்று கேட்ட துணைக் காவல் அதிகாரி கிரைம்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். காயமுற்றுத் தப்பியோடிய சாம் பாஸ் பிடிபட்டு, யூலை 21ஆம் நாள், தன் 27ஆவது பிறந்த நாளிலேயே உயிர் துறந்தான். அவனுடைய கல்லறை இந்நகரின் மயானத்தில் உள்ளது. அவன் பெயரில் ஒரு வீதியும் உண்டு.

இவ்வாறான வரலாற்றைக் கொண்ட நாட்டின் பேச்சில் துப்பாக்கி நிறைந்திருப்பது வியப்பன்று. 'லொக் ஸ்டொக் அண்ட் பாரல்' என்பன பழைய துப்பாக்கியின் விசை, கட்டை, குழல் என்னும் மூன்று உறுப்புகள். மூன்றும் சேர்ந்தால் முழுத் துப்பாக்கி. ஆகவே ஒன்றும் மிச்சமின்றி முழுவதும் என்பது பொருள். 'ஃப்ளாஷ் இன் த பான்' என்பது கிண்ணியில் இட்ட மருந்து மட்டும் மின்னிவிட்டுக் குண்டு வெளிவராத நிலை. சிறிது நேரம் பளிச்சிட்டு ஒன்றுமில்லாமற் போன முயற்சியை அது குறிக்கும். 'ஸ்டிக் டு யுவர் கன்ஸ்' என்றால் தன் நிலைப்பாட்டில் உறுதியாக நில் என்பதே.

'பைட் த புல்லட்' என்ற தொடரைக் கேட்டு முதலில் அஞ்சினோம். குண்டைக் கடித்துக்கொள் என்று ஒருவர் ஏன் சொல்ல வேண்டும்? கசையடி பெறும் ஆங்கிலப் படைவீரர்கள் வாய்விட்டு அலறுவதை இழிவாகக் கருதி, ஈயக் குண்டை மென்றபடி அடியைத் தாங்கினர் என்ற குறிப்பு, பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியின் 1796ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளது. தவிர்க்க முடியாத துன்பத்தைத் துணிந்து ஏற்பதே இன்றைய பொருள். எமக்கு இது புதிதன்று. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம் என்று நாம் சொல்வதும் அதுவே. அவர்கள் குண்டைக் கடித்தார்கள். நாம் பல்லைக் கடித்தோம்.

எனினும், இச்சொற்கள் எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. பொதி கட்டும் வேலைத்தலமொன்றில் பணியாற்றும் எம் சகோதரி ஒருவர், தம்மோடு வேலை செய்தவரை 'ஃபயர்' பண்ணிவிட்டார்கள் என்று கேட்டதும் நடுங்கி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம். வேலையிலிருந்து நீக்கினார்கள் என்பதற்கு மேல் அங்கு ஒன்றும் நடக்கவில்லை. துப்பாக்கிச் சத்தத்தைக் கதையில் மட்டும் கேட்டவர்களுக்கு அது வெறும் சொல். ஒழுங்கைக்குள் கேட்டவர்களுக்கு அவ்வாறில்லை. இதற்காக எவரும் நாணத் தேவையில்லை.

கோட்டைத் தாண்டினால் மரணம்

'டெட்லைன்' என்ற சொல்லை அறியாதவர் இன்று இல்லை. அதன் பிறப்பை அறிந்தவர் சிலரே. 1864இல் ஜோர்ஜியா மாநிலத்தின் அன்டர்சன்வில் என்னுமிடத்தில் தென்மாநிலப் படையினர் போர்க்கைதிகளுக்கான சிறைமுகாம் ஒன்றை அமைத்தனர். மதிலுக்கு உட்புறமாகத் தாழ்ந்த மரச்சட்டங்களால் ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தது. அதனைத் தாண்டிய கைதியைக் காவலர் எச்சரிக்கையின்றிச் சுட்டனர். அதுவே மரணக் கோடு. பசியாலும் நோயாலும் அம்முகாமில் ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர். முகாமின் அதிகாரி ஹென்றி வேர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். பின்னாளில் பத்திரிகைக் கந்தோர்களில் செய்தி வந்து சேர வேண்டிய இறுதி நேரத்துக்கு இச்சொல் வழங்கலாயிற்று.

பத்திரிகைக்காரருக்கு அது ஓர் உவமை மட்டுமே. தஞ்சம் கோருவோருக்கோ அக்கோடு மெய்யானது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அமெரிக்காவுக்கு வந்து ஓராண்டுக்குள் தஞ்சக் கோரிக்கையைத் தாக்கல் செய்தல் வேண்டும். நிலைமை மாற்றம், அசாதாரணச் சூழ்நிலை ஆகிய காரணங்களுக்கே விதிவிலக்கு உண்டு. புதிதாக வந்த குடும்பங்கள் முதலில் கற்க வேண்டிய ஆங்கிலச் சொல் இதுவே என்பது எமது துணிபு.

ஆற்றின் வழியே விற்கப்பட்டோர்

நாம் துரோகத்துக்கு உள்ளானோம் என்பதற்கு 'சோல்ட் டவுன் த ரிவர்' என்று ஆங்கிலத்திற் சொல்வதுண்டு. அந்த ஆறு மிசிசிப்பி. வடபகுதி அடிமை மாநிலங்களில் இருந்த கறுப்பின மக்கள், குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, ஆற்றின் வழியே தெற்கிலுள்ள பெருந்தோட்டங்களுக்கு விற்கப்பட்டனர். தாய் ஒரு கரையில், பிள்ளை ஒரு கரையில் என்ற அக்கொடுமையின் தடமே இத்தொடர். ஜனாதிபதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தபோதும், டெக்சாசிலிருந்த அடிமைகளின் விடுதலை கால்வெஸ்டன் துறைமுகத்தில் 1865 யூன் 19ஆம் நாளன்றே அறிவிக்கப்பட்டது. அந்நாள் 2021 முதல் நாடு முழுவதற்கும் விடுமுறை நாளாக உள்ளது. இதனை அறிந்தவர் அத்தொடரை விளையாட்டாகப் பயன்படுத்தார்.

மற்றவரின் சொல்லில் உள்ள கறையைக் காட்டும் நாம் எமது சொல்லில் உள்ளதை மறைப்பது முறையன்று. சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணீர் ஆகிய சொற்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றன என்று பெருமைப்படுகிறோம். எதிர்பாராது கிட்டும் நற்பேற்றைக் குறிக்கும் 'செரண்டிபிட்டி' என்ற சொல்லை, இலங்கையின் பழம்பெயரான செரந்தீப் என்பதிலிருந்து ஹொரஸ் வோல்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28ஆம் நாள் எழுதிய கடிதமொன்றில் ஆக்கினார் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால், உலகத்தால் ஒதுக்கப்பட்டவரையும் ஒதுக்கப்பட்ட நாட்டையும் குறிக்க ஆங்கிலப் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதும் 'பரையா' என்ற சொல்லும் எம்மிடமிருந்தே சென்றது. பறை என்னும் இசைக்கருவியின் பெயரோடு தொடர்புடைய ஒரு சமூகத்தின் பெயர், ஒதுக்கப்பட்டவர் என்று உலகெங்கும் பொருள்படுமாறு செய்தது எமது சமூகத்தின் நடத்தையே. அகதியாக வந்து கதவு தட்டியவர்களாகிய நாம் அச்சொல்லை வாயில் எடுக்குமுன் சற்று நிற்றல் நன்று.

அவர்கள் எம்மிடம் கற்ற காலம்

இன்று அமெரிக்கரின் மரபுத்தொடர்களை நாம் தடுமாறிக் கற்கிறோம். ஒரு காலத்தில் அவர்கள் எம்முடையவற்றைத் தடுமாறிக் கற்றனர். 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி நிறுவப்பட்டது. வேர்மண்ட் மாநிலத்தவரான மைரன் வின்சுலோ, உடுவிலில் வாழ்ந்து தமிழ் கற்றவர். முன்னோர் பலரின் உழைப்பையும் சேர்த்து, 67,000 சொற்களுக்கு மேற்பட்ட தமிழ் ஆங்கில அகராதியை 1862இல் சென்னையில் வெளியிட்டார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலேய மிசனரியான பீற்றர் பேர்சிவல் எமது பழமொழிகளைத் தொகுத்து 1843இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். 1874இல் சென்னையில் வெளிவந்த அவருடைய பெருந்தொகுப்பில் 6,000க்கு மேற்பட்ட பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இடம்பெற்றன.

அவர்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டனர்? ஒரு மக்களின் உள்ளத்தோடு பேச வேண்டுமாயின் அகராதிச் சொற்கள் மட்டும் போதா என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அவ்வுணர்வு இன்று எமது வழக்குகளை விசாரிக்கும் அறைகளில் அரிதாகிவிட்டது.

தலையாட்டி என்ற சொல்

எமது உறவினர் ஒருவரின் தஞ்சக் கோரிக்கை விசாரணையில் நிகழ்ந்ததை இங்கு கூறுதல் வேண்டும். சுற்றிவளைப்பின்போது இளைஞர்கள் வரிசையில் நிறுத்தப்பட்டதையும், தலையாட்டி தன்னைக் காட்டியதையும் அவர் விவரித்தார். எமது வாசகர்களுக்கு அச்சொல்லை விளக்கத் தேவையில்லை. முகத்தை மூடி, கண்களுக்கு மட்டும் துளையிட்ட சாக்கினுள் அமர்ந்து, தலையசைவால் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர் யாரென்பதை நாம் அறிவோம். உரைபெயர்த்தவர் நல்ல மனிதர், தமிழும் அறிந்தவர், ஆனால் எமது ஊரவர் அல்லர். ஒருவர் தலையை ஆட்டினார் என்று அவர் பெயர்த்தார். ஆம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா என அதிகாரி கேட்டார். கேள்வியின் காரணம் உறவினருக்கு விளங்கவில்லை. தொடர்ந்து, கடையை மூடுவித்து 'எங்கள் வயிற்றில் அடித்தார்கள்' என்று அவர் கூறியது, வயிற்றில் தாக்கினார்கள் எனப் பதிவாயிற்று. எழுத்து விண்ணப்பத்தில் வயிற்றுக் காயம் பற்றி ஒன்றுமில்லை. முரண்பாடு என்று குறிக்கப்பட்டது.

இது சிறிய தவறு அன்று. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கோரிக்கையின் மையத்தைத் தொடாத முரண்பாட்டையும் நம்பகத்தன்மையை மதிப்பிடும்போது கணக்கில் எடுக்கலாம். அவ்விரு தொடர்களையும் சட்டத்தரணி மூலம் விளக்கி, வழக்கைச் சீர்ப்படுத்த மேலும் இரண்டு ஆண்டுகள் சென்றன. உரைபெயர்த்தவரை நாம் குறை கூறோம். பெடியள் என்றால் வெறும் சிறுவர்கள் அல்லர். இயக்கம் என்றால் அசைவு அன்று. வெள்ளை வான் என்றால் வாகனத்தின் நிறம் பற்றிய செய்தி அன்று. இவை எந்த அகராதியைப் புரட்டியும் அறியக்கூடியவை அல்ல. நாம் நடந்து வந்த வழியின் தடங்கள் இவை.

ஆகவே எமது வாசகர்களுக்குச் சில வேண்டுகோள்கள். விசாரணையில் மரபுத்தொடரைத் தவிர்த்து, நடந்ததை நடந்தபடி கூறுங்கள்: யார், எங்கே, என்ன செய்தார். ஊர் வழக்குச் சொல்லைக் கூற நேர்ந்தால், அடுத்த வசனத்திலேயே அதனை விளக்குங்கள். தஞ்ச அலுவலக நேர்முகத்துக்கு உரைபெயர்ப்பாளரை விண்ணப்பதாரியே அழைத்து வருதல் வேண்டும் என்ற விதி, தொற்றுக் காலத்தில் தளர்த்தப்பட்டிருந்து, 2023 செப்டெம்பர் 13 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறையாத பிள்ளைகளை அதற்குக் கொண்டுசெல்ல முடியாது. வருபவர் எமது வட்டார வழக்கை அறிந்தவரா என்பதை முன்னரே பேசிப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. கேட்டது விளங்காதபோதும் மரியாதைக்காகத் தலையை ஆட்டும் பழக்கம் எம் அனைவரிடமும் உண்டு. வைத்தியரிடமும் வேலைத்தலத்திலும் பிள்ளையின் ஆசிரியரிடமும் ஆட்டிவிட்டு வீடு வந்து திகைக்கிறோம். மரியாதை கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். விளங்கவில்லை, வேறு சொற்களில் கூறுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. முப்பது பிள்ளைகள் முன் நின்று கற்பித்த நாம் இன்றும் கடைகளிலும் கந்தோர்களிலும் அவ்வாறு கேட்டுத்தான் கற்கிறோம். தலையாட்டலின் விலை என்னவென்பதை எமது மக்களை விட நன்கு அறிந்தவர் யார்?